மீனுக்கு அம்மை போட்ட கதை

1943ஆம் ஆண்டில் புக்கிட் மெராந்தி ரப்பர் தோட்டத்தில் தின்ன அரிசி இல்லை. கட்டத் துணி இல்லை. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை இல்லை. ஆனால் கடவுள் இருந்தார். கல்லில் செய்த கடவுள் இல்லை. வாலை ஆட்டுகிற, வாயைத் திறந்து திறந்து மூடுகிற, உயிருள்ள கடவுள். அதுவும் ஒன்றிரண்டு அல்ல, பதினொன்று.

வெள்ளிக்கிழமை விடிந்தால் போதும். மெர்போக் ஆற்றைத் தாண்டி வருகிறவர்கள், சுங்கைப் பட்டாணியிலிருந்து நடந்தே வருகிறவர்கள், அலோர் ஸ்டாரிலிருந்து சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு வருகிறவர்கள் என்று தோட்டத்துப் புகைக்கொட்டகை வாசலில் கூட்டம் நெரியும். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போடுவதற்காக வெள்ளைக்காரன் கட்டிய கொட்டகை அது. ரப்பரை வாங்க ஆளில்லாமல் போனதால், அங்கே இப்போது மனிதர்களுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே சாம்பிராணி மூட்டத்துக்கு நடுவே ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் பதினொரு தங்கமீன்கள். அவற்றின் உடம்பெல்லாம் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். தொட்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் வேட்டியும் மார்பு நிறையச் சாம்பலுமாக மச்சசாமி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ரப்பர் விதைகளைக் கோத்த மாலை. உருத்திராட்சம் கிடைக்காத காலம். ரப்பர் விதைக்கும் அருள் வந்துவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன்பு வரை மச்சசாமிக்கு அம்மாசி என்று பெயர். பங்களாவில் புல் வெட்டுகிற வேலை. ஜப்பான்காரன் எல்லையைத் தாண்டிவிட்டான் என்று தெரிந்த அன்றே துரையும் துரைசானியும் காரில் ஏறிப் பினாங்குக்கு ஓடினார்கள். போகும்போது நாயை அவிழ்த்துவிட்டார்கள். மீன்களை அவிழ்த்துவிட வழியில்லை. தோட்டமே பங்களாவுக்குள் புகுந்து அரிசி, பால் டின், திரைச்சீலை என்று வாரிக்கொண்டு போனது. அம்மாசி எதற்கும் தாமதமாகப் போகிறவன். அவன் போய்ச் சேர்ந்தபோது மிச்சம் இருந்தது மீன்தொட்டிதான். தலையெழுத்தை நொந்தபடி தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒன்றரை ஆண்டு மரவள்ளிக்கிழங்குத் துகளைப் போட்டு வளர்த்தான். பொரித்துத் தின்றுவிடலாம் என்று நாலைந்து தடவை யோசித்தும், நிறத்தைப் பார்த்துப் பயந்து விட்டுவிட்டான்.

அந்த வைகாசிக் கடைசியில் தோட்டத்துக்கு லாரிகள் வந்தன. சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், மூன்று மாத வேலையாம், நல்ல சாப்பாடாம். ஜப்பான்காரன் துப்பாக்கியோடு நிற்க, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி மனோகரன் பெயர்களை எழுதிக் கொடுத்தான். அறுபத்து மூன்று ஆண்கள் லாரியில் ஏறினார்கள். அதன்பிறகு அவர்களிடமிருந்து ஒரு கடுதாசி இல்லை. எங்கோ காட்டுக்குள் காலராவாம், கூட்டம் கூட்டமாகச் சாகிறார்களாம் என்று வதந்தி மட்டும் வந்துகொண்டிருந்தது.

லாரிகள் போன சில நாளில் அம்மாசி வயல் வாய்க்காலில் பொடிமீன் பிடித்தான். வளர்ந்த பிறகு தின்னலாம் என்று அதே கண்ணாடித் தொட்டியில் விட்டான். நாலைந்து நாளில் தங்கமீன்கள் கண்ணாடியில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தன. பிறகு புள்ளிகள் வந்தன.

பக்கத்து வீட்டு ராக்காயி நெருப்பு வாங்க வந்தவள் தொட்டியைப் பார்த்தாள். அவள் புருஷன் இருளப்பனும் சயாமுக்குப் போனவன்.

"ஐயோ, மாரியாத்தா! மீனுக்கு முத்துப் போட்டிருக்குதே!"

அம்மாசி திரும்பிப் பார்த்தான். அதுவரை புள்ளியாகத் தெரிந்தது அந்த நொடியில் முத்தாகத் தெரிந்தது. அவன் பெரிய மூளைக்காரன் இல்லை. யோசனையைக்கூட ஏமாறப்போகிறவர்களே கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். அவன் செய்ததெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உடம்பை உலுக்கியதுதான்.

"ஆமா ராக்காயி! சயாமுல நம்ம ஆளுங்களுக்கு வந்த நோவ இந்த மீனுங்க தாங்கிக்கிட்டு நிக்குதுங்க. முத்து இறங்கினா அங்க உசுரு பொழைக்கும். ஆத்தா எங்கிட்ட சொல்லிட்டா!"

அவ்வளவுதான். மறுநாளே தொட்டி புகைக்கொட்டகைக்குக் குடிபோனது.

நாலாம் நாள் புள்ளிகள் தாமாகவே மறைந்தன. பெண்கள் குலவை போட்டார்கள். அடுத்த வாரம் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தன. பெண்கள் கதறினார்கள். "சயாமுல மறுபடியும் காலரா" என்றார் மச்சசாமி. காணிக்கை இரண்டு மடங்கானது. அரிசி, துணி, எண்ணெய், அதோடு தவறாமல் ஒரு சிரட்டை உப்பு. மாரியம்மனுக்கு உப்புப் போடுவது எப்போதும் உள்ள வழக்கம் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அறுபத்து மூன்று ஆளுக்குப் பதினொரு மீன் எப்படிப் போதும் என்றும் கேட்கவில்லை. போதாததற்கு வெளியூர் ஆட்களின் நோயையும் அதே பதினொரு மீன்கள் தாங்கின. மீன் சின்னதுதான், முதுகு பெரிது போலிருக்கிறது.

காணிக்கை அதிகம் கொடுத்தவர்களுக்குத் தனி மீன் உண்டு. அந்த மீனை மட்டும் தனிப் பானைக்கு மாற்றி, மூடி வைத்த பித்தளைச் செம்பிலிருந்து 'தீர்த்தம்' ஊற்றுவார் சாமி. ஒரு வாரத்தில் அது பளபளவென்று ஆகிவிடும். அதை எல்லோருக்கும் காட்டிவிட்டு மறுபடியும் பழைய தொட்டியில் விடுவார். அடுத்த வாரமே அதற்குத் திரும்பவும் முத்துப் போடும். மனோகரனும் வந்தான். ஏழாவது வரை இங்கிலீஷ் படித்தவன். "சும்மா ஒரு ஆராய்ச்சிக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே உப்பைக் கொட்டினான். பெயர்களை எழுதிக் கொடுத்த கை அல்லவா? அந்த மீன்கள் பிழைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

ஒருநாள் ஜப்பான் சார்ஜெண்ட் ஒருவன் சோதனைக்கு வந்தான். தொட்டியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். "கிங்யோ" என்று முணுமுணுத்தான். குனிந்து கண்ணாடியருகே முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தான். ஊரில் அவன் பிள்ளைகள் தங்கமீன் வளர்த்திருக்கலாம். அவன் பாஷையில் தங்கமீனுக்குக் கிங்யோ என்றுதான் பெயர்.

அவன் போனதும் சாமி எழுந்து நின்றார். "பாத்தீங்களா லா? ஜப்பான்காரனே குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போறான். 'கிங்'னு சொன்னானே, கேட்டீங்களா? ராஜான்னு அர்த்தம்!"

ஏழாவது வரை படித்த மனோகரன், "கிங்னா ராஜாதான்" என்று உறுதிப்படுத்தினான். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் ரோட்டைத் தொட்டது.

இந்தக் கூட்டத்தில் புஷ்பவள்ளி என்று ஒருத்தி. இருபத்திரண்டு வயது, இடுப்பில் ஒரு பெண்குழந்தை. புருஷன் பழனியாண்டி லாரியில் ஏறும்போது அந்தக் குழந்தை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதது. கல்யாணச் சேலையைக் கொடுத்து வால் பிளந்த மீனைப் பழனியாண்டிக்காகத் தனியாக எடுத்திருந்தாள். சேலை போனதால் கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த அரிசியெல்லாம் மீனுக்குப் போனதால் குழந்தை கிழங்கை மட்டும் தின்றது. அதன் கால்கள் வீங்க ஆரம்பித்திருந்தன.

ஒரு வாரம் அவளிடம் கொடுக்க எதுவும் இல்லை. அந்த வாரம் வால் பிளந்த மீன் செத்து மிதந்தது.

மச்சசாமி கண்ணை மூடினார். உதடு துடித்தது. "பழனியாண்டி போயிட்டான்" என்றார்.

புஷ்பவள்ளி அழவில்லை. குழந்தையை மாற்று இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, புரியாததுபோல் நின்றாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை தாலிய இறக்கித் தொட்டியில போட்டுடு. செத்தவன் தாலி கழுத்துல இருந்தா மத்த மீனுக்கும் ஆகாது."

அதைக் கேட்டதும் கூட்டத்துக்கு உயிர் வந்தது. அதுவரை அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்த ராக்காயியே முதலில் விலகினாள். "கேட்டியாடி? நீ தாலிய வச்சிக்கிட்டு இருந்தா எம் புருஷன் சாகணுமா?"

தாலியில் முக்கால் பவுன் தங்கம் இருந்தது என்பது ஆத்தாளுக்குத் தெரிந்திருக்காது. அம்மாசிக்குத் தெரியும்.

அந்த வாரம் புதன்கிழமை அகத்தா தோட்டத்துக்கு வந்தாள். முன்பு பங்களாவில் ஆயாவாக இருந்தவள். அவள் புருஷன் சில்வெஸ்டர், துரையின் கார் ஓட்டியவன். அவனும் அந்த லாரியில்தான் போனான். அவன் போனபிறகு அகத்தா தஞ்சோங் டாவாயில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய், கடல்தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்தாள். கூடையில் சுமந்து தோட்டம் தோட்டமாகப் போய்க் கிழங்குக்கு மாற்றினாள். புக்கிட் மெராந்தியில் மட்டும் உப்பு ஒரே மணி நேரத்தில் தீர்ந்தது. யானையை ஊறுகாய் போடுகிறார்களா என்று அவளுக்கு ஆச்சரியம். புஷ்பவள்ளி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தபோது, குழந்தை தின்னும் கிழங்கை ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தாள். உப்பே இல்லை.

"உப்பு வாங்குறே, கிழங்குல போடலியே? எங்கடி போகுது?"

புஷ்பவள்ளி சொன்னாள். சேலை, அரிசி, செத்த மீன், வெள்ளிக்கிழமை, தாலி. சொல்லி முடிக்கும்போதுதான் முதல்தடவையாக அழுதாள்.

அகத்தா கூடையைக் கீழே வைத்தாள். "கண்ணாடித் தொட்டியா? பித்தளை விளிம்பு வச்சதா? அத ஆறு வருஷம் நாந்தானேடி கழுவுனேன்."

"அக்கா, மீனுக்கு முத்துப் போட்டிருக்கு…"

"முத்தும் இல்ல, ஆத்தாளும் இல்ல. பூச்சி. உங்க அம்மாசி வாய்க்கால் மீன உள்ள விட்டானா?"

"விட்டாருன்னுதான் ராக்காயிக்கா சொன்னாங்க."

"அதுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். ஒருவாட்டி துரைசானி பினாங்குலேர்ந்து ரெண்டு புது மீன் வாங்கியாந்து அப்படியே உள்ள போட்டா. ஒம்பது மீன் செத்துச்சு. அப்புறம் புஸ்தகத்தப் பாத்து என்னென்னமோ சொன்னா. பாதி தப்பு. மீதிய நானா பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். உப்புதான் மருந்து. நான் செய்யுறத ஜன்னலுக்கு வெளிய புல் வெட்டிக்கிட்டே பாத்துக்கிட்டு நிப்பான் ஒருத்தன். யாருன்னு நினைக்கிற?"

புஷ்பவள்ளி கண்ணைத் துடைத்தாள். "அப்ப அவரு உசுரோட இருக்காரா அக்கா?"

அகத்தா காலிக் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியாதும்மா. சில்வெஸ்டர் இருக்காரான்னும் எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லிக்கிட்டு வாழுறது ரொம்ப சூசாதான், கஷ்டந்தான். அதுக்காக மீன்கிட்டப் போயா கேப்பேன்?"

வெள்ளிக்கிழமை வந்தது. கொட்டகை நிரம்பி வழிந்தது. புஷ்பவள்ளியை இரண்டு பெண்கள் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார்கள். அம்மாசி மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் கையை நீட்டினான்.

"கொஞ்சம் இரு அம்மாசி" என்று ஒரு குரல் கேட்டது.

அந்தப் பெயரைக் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்ததால் சாமி திடுக்கிட்டுத் திரும்பினார்.

அகத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "தீர்த்தம்னு ஊத்துறியே, அதுல எனக்கு ஒரு வாய் கொடு. என் புருஷனும் சயாமுலதான் இருக்காரு."

"அது மீனுக்கு மட்டுந்தான் ஆயா. மனுசன் குடிச்சா ரத்தம் கக்கிச் சாவான்."

"நான் சாவேன், உனக்கென்ன? கொடு."

"வேதக்காரி நீ! எங்க சாமிய அவமானப்படுத்தவா வந்தே?" என்று ராக்காயி பாய்ந்தாள்.

"எங்க சாமியையும் பாத்துட்டேன் ராக்காயி. கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினா ஆளு வந்துடுவான்னாங்க. ஏத்தினேன். மெழுகுவத்திதான் தீந்துபோச்சு."

சொல்லிக்கொண்டே செம்பை எடுத்துவிட்டாள். அம்மாசி பிடுங்க வருவதற்குள் இரண்டு மடக்கு குடித்தாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ரத்தம் கக்குவாள் என்று ஒரு கிழவன் பின்னால் நகர்ந்து தன் வேட்டியைக் காப்பாற்றிக்கொண்டான்.

அகத்தா முகத்தைச் சுளித்தாள். "உப்புத்தண்ணி" என்று செம்பை மனோகரனிடம் நீட்டினாள். "படிச்சவருதானே, நீங்க குடிச்சுப் பாருங்க கிராணியாரே."

மனோகரன் தயங்கினான். ஒரு விரலை மட்டும் விட்டு நக்கினான். "உப்புதான்" என்றான். பிறகு புஷ்பவள்ளி நக்கினாள். பிறகு செம்பு கை மாறிக் கை மாறிப் போனது. தங்கள் வீட்டுக் குழந்தைகளின் கிழங்கிலிருந்து பிடுங்கிக் கொடுத்த உப்பை அவர்களே நக்கிப் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மாசி சளைத்தவன் இல்லை. "உப்புதான்! நான் இல்லேன்னு சொன்னேனா? வெறும் உப்பு சும்மா லா. மந்திரம் அதுல ஏறுறதாலதான் முத்து இறங்குது!"

கூட்டம் உடனே தலையாட்டியது. எவ்வளவு நிம்மதி! மூன்று மாதம் ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்வதைவிட இது எவ்வளவோ சுலபம்.

"சரி" என்றாள் அகத்தா. "வால் பிளந்ததோட சேத்து மூணு செத்தது போக எட்டு மீன் இருக்கு. ரெண்டு பேசின்ல நாலு நாலா விடுவோம். எட்டுக்கும் ஒரே மாதிரி நோவு. ஒரு பேசினுக்கு நீ மந்திரம் சொல்லு, உப்பு போடாதே. இன்னொன்னுக்கு நான் உப்பு போடுறேன், மந்திரம் சொல்ல மாட்டேன். எட்டு நாள். எது பொழைக்குதுன்னு எல்லாரும் பாக்கட்டும். அதுவரைக்கும் இந்தப் பொண்ணு தாலி அவ கழுத்துலயே இருக்கட்டும்."

அம்மாசி மறுக்க வாயைத் திறந்தான். ஆனால் ராக்காயி முந்திக்கொண்டாள். "போடுங்க சாமி! அவ வாய அடைச்சிக் காட்டுங்க!" பக்தர்கள் அதிகமானால் சாமிக்குத் தப்பிக்க வழி இல்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பெரிய பீங்கான் பேசின்கள் வந்தன. காலையில் ஆட்களுக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்து ஓரத்தில், கூரைக்குக் கீழே எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்கள். முறைபோட்டுப் பெண்கள் காவல் இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது உண்மை இல்லை. அகத்தா திருட்டுத்தனமாக மந்திரம் சொல்லிவிடக் கூடாது என்பதுதான்.

அகத்தா ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு பிடி உப்பு என்று கரைத்து ஊற்றினாள். தினமும் காலையில் பப்பாளி இலைத் தண்டைக் குழாயாக்கி, பேசினின் அடியில் படிந்த அழுக்கை உறிஞ்சி வெளியே விட்டாள். குறைந்த தண்ணீருக்குப் பதிலாக, வெயிலில் வைத்து ஆறிய தண்ணீரை அதே அளவு உப்போடு சேர்த்தாள். அவ்வளவுதான் அவள் வேலை. பார்ப்பதற்குச் சுவாரசியமே இல்லை.

அம்மாசியின் பேசினில் சுவாரசியம் நிறைய இருந்தது. உடுக்கை, வேப்பிலை, மஞ்சள், ஒற்றைக்கால் தவம். கூட்டம் அந்தப் பக்கமே நின்றது.

மூன்றாம் நாள் மாலை அம்மாசியின் மீன்களில் ஒரு புள்ளிகூட இல்லை. அகத்தாவின் மீன்களில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

தோட்டம் கொண்டாடியது. ராக்காயி அகத்தாவின் முகத்துக்கு நேரே கையைத் தட்டிச் சிரித்தாள். "இப்ப என்னடி சொல்றே உப்புக்காரி?" அம்மாசி பேசினைச் சுற்றி ஆடினான். ஆடும்போதே அவன் கண் புஷ்பவள்ளியின் கழுத்தைப் பார்த்தது. அவள் தாலியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"அக்கா…" என்றாள்.

"பயப்படாதே" என்று அகத்தா எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள். "அது குணமாகல. அந்தப் பூச்சி மீனோட தோலுக்கடியில உக்காந்து தின்னும். பெருத்ததும் தானா கழண்டு அடியில விழும். அங்க வெடிச்சு, நூறு குட்டி, ஐநூறு குட்டின்னு போடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குட்டிங்க மறுபடியும் மீனத் தேடிப் போகும். குட்டி நீந்துற நேரத்துலதான் உப்பு அதக் கொல்லும். தோலுக்குள்ள இருக்கறப்ப ஒண்ணும் செய்ய முடியாது. அதான் தினமும் அடித்தண்ணிய எடுக்குறேன். அவனோட பேசின் அடியில இப்ப பிரசவம் நடந்துக்கிட்டு இருக்கு. ரெண்டு நாள் பொறுங்க."

"கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம்! யாரு நம்புவா?" என்று சிரித்தார்கள், கண்ணுக்குத் தெரியாத ஆத்தாளை மூன்று மாதம் நம்பியவர்கள்.

இரண்டு நாள் பொறுத்தார்கள். ஆறாம் நாள் காலையில் அம்மாசியின் நாலு மீன்களும் மாவில் புரட்டி எடுத்ததுபோல் வெளுத்திருந்தன. துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. உடுக்கை வேகமாக ஒலித்தது. ஏழாம் நாள் இரண்டு செத்தன. எட்டாம் நாள் காலையில் மூன்றாவது. கடைசி மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

பக்கத்துப் பேசினில் அகத்தாவின் நாலு மீன்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நீந்தின. கிழங்குத் துகளைப் போட்டதும் சண்டை போட்டுக்கொண்டு தின்றன. உடம்பில் ஒரு புள்ளி இல்லை.

மனோகரன்தான் முதலில் குனிந்து, அந்தப் பேசினையும் இந்தப் பேசினையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப, சயாமுல இருக்குறவங்களுக்கும் இந்த மீனுக்கும்…" என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

"சம்பந்தமே கிடையாது" என்று முடித்தாள் புஷ்பவள்ளி.

அவள் நேரே அம்மாசி முன்னால் போய் நின்றாள். "எம் புருஷன் செத்துட்டாருன்னு சொன்னியே. எத வச்சு சொன்னே?"

"ஆத்தா சொன்னா…"

"ஆத்தா மூணு மீனக் காப்பாத்த முடியாம நிக்கிறா. சயாமு வரைக்கும் அவளுக்கு எப்படிக் கண்ணு தெரிஞ்சுது?"

சாமிக்கு வாய் திறந்து திறந்து மூடியது. கேள்வி கேட்டால் சாமிகள் எல்லோரும் இப்படித்தான் மீனாகிவிடுகிறார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் இருந்த அறையை உடைத்துத் திறந்தார்கள். பட்டணத்துக் கள்ளச்சந்தைக்குப் போகக் கட்டி வைத்த உப்பு மூட்டைகள், அரிசி மூட்டைகள், துணிக்கட்டு. துணிக்கட்டில் எல்லாவற்றுக்கும் மேலே புஷ்பவள்ளியின் கல்யாணச் சேலை. அவள் அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நேற்றுவரை காலில் விழுந்தவர்கள் இன்று அவன் காலை உடைக்கக் கிளம்பினார்கள். அகத்தா குறுக்கே நின்றாள். "அடிக்காதீங்க. அடிச்சீங்கன்னா நாளைக்கு அவனுக்காகவும் ஒரு கல்ல நட்டுக் கும்பிடுவீங்க. உங்களப் பத்தி எனக்குத் தெரியும். அரிசிய எடுத்துப் பிள்ளைங்களுக்குக் கஞ்சி காச்சுங்க."

அரிசி என்றதும் கூட்டம் அறைப்பக்கம் திரும்பியது. அந்த நெரிசலில் அம்மாசி ரப்பர் விதை மாலையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் காட்டுப் பாதையில் ஓடிவிட்டான். அலோர் ஸ்டார் பாசார் பக்கம் ஒரு ஆமையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். அங்கேயும் கூட்டமாம்.

கதை இத்தோடு நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? அகத்தா உப்புக்கூடையோடு வந்தபோது, பெரட்டுக் களத்தில் அவளுடைய பேசினுக்கு மஞ்சள் குங்குமம் பூசியிருந்தார்கள். பேசினைச் சுற்றி வேப்பிலை. ராக்காயி ஓடிவந்து அகத்தாவின் காலில் விழுந்தாள்.

"தாயே! உன் வாய்ல உண்மைதான் வருது. எம் புருஷன் வருவானா, மாட்டானா? ஒரு வார்த்தை சொல்லு தாயே!"

பின்னால் இன்னும் முப்பது பேர், கையில் ஆளுக்கொரு சிரட்டை உப்போடு.

அகத்தாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு ராக்காயியின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அந்தத் தோளில் எலும்பைத் தவிர எதுவும் இல்லை.

"எனக்குத் தெரியாது ராக்காயி."

"தெரியும், சொல்ல மாட்டேங்கறே!"

"நிஜமாவே தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒரு சின்னப் பூச்சியப் பத்தி. அதுவும் ஒம்பது மீனச் சாகடிச்ச பிறகு கத்துக்கிட்டது. உன் புருஷன் எங்க இருக்கான்னு சொல்ற மீனும் இல்ல, மனுசியும் இல்ல. அந்த உப்ப வீட்டுக்குக் கொண்டுபோய்க் கஞ்சியில போட்டுக் குடி. அவன் வந்தா அவனப் பாக்க நீ உசுரோட இருக்க வேணாமா?"

அவள் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப் பேசினின் வெளிப்புறத்தில் இருந்த மஞ்சள் குங்குமத்தைக் கழுவினாள். புஷ்பவள்ளி வேப்பிலையைப் பிய்த்து ஆட்டுக்குப் போட்டாள். தொட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து மீன்களைத் திரும்ப விட்டது அவள்தான். தோட்டத்தில் மறுபடியும் யாரோ வாய்க்கால் மீன் கொண்டுவந்தபோது, "பதினாலு நாள் தனி வாளியில கிடக்கட்டும். நோவு இல்லன்னு தெரிஞ்ச பிறகு பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பியவளும் அவள்தான். குழந்தைக்குக் காலில் வீக்கம் வடிய மூன்று மாதம் ஆனது.

1945ஆம் ஆண்டின் கடைசியில் சயாமிலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். அறுபத்து மூன்று பேரில் பதினேழு பேர். ராக்காயியின் இருளப்பன் இல்லை. மச்சசாமியின் தீர்த்தத்தில், அவனுக்காக ராக்காயி எடுத்த மீன் மூன்று தடவை பளபளவென்று ஆகியிருந்தது. அகத்தாவின் சில்வெஸ்டரும் இல்லை. அந்தச் செய்தியைக் கேட்ட நாள் அகத்தா உப்புக் காய்ச்சப் போகவில்லை. மறுநாள் போனாள்.

மீன் செத்ததால் சாகடிக்கப்பட்ட பழனியாண்டி வந்தான். ஒரு காலில் எலும்பு தெரியும் புண்ணோடு, குச்சியை ஊன்றிக்கொண்டு, தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்தே வந்தான். அடையாளம் தெரியாமல் குழந்தை ஓடி ஒளிந்துகொண்டது. புஷ்பவள்ளி அவன் கையை எடுத்துத் தன் கழுத்தில் கிடந்த தாலியின் மேல் வைத்துக்கொண்டாள்.

அவன் திரும்பி வந்தது எந்தத் தெய்வத்தின் கருணை என்று தோட்டத்தில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. அவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், முகாமில் பக்கத்தில் படுத்திருந்தவன் தினமும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்ததாகச் சொல்லியிருப்பான்.

மீனுக்கு இமை கிடையாது. அதனால் அது கண்ணை மூடவே முடியாது. நமக்கு இமை இருக்கிறது, தூங்கும்போது மூடிக்கொள்ளலாம். சாமியார் கையை நீட்டும்போதாவது கொஞ்சம் திறந்து வையுங்கள்.